வலதுபக்க விதையில் பட்டாணி மாதிரி ஒன்று, வலி இல்லை. யாரிடம் காட்டுவது?

ஓசூர்_மைக்ரான்:

வணக்கம். வயது 27. ஓசூரில் ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டர். ரூமில் நான்கு பேர் இருக்கிறோம், இதை அவர்களிடம் பேச முடியாது. பேசினால் மறுநாளே எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் நைட் ஷிஃப்ட் முடிந்து வெந்நீரில் குளிக்கும்போது வலதுபக்க விதையில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவு இருக்கும். அன்றைக்கு அழுத்தினால்கூட வலி இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது லேசாக வலிக்கிறது. கட்டி வலிக்கிறதா, நான் நசுக்கி நசுக்கி வலிக்கிறதா என்று தெரியவில்லை. நாள் முழுக்க போர் கேஜை வைத்து மைக்ரான் கணக்கில் அளக்கிறவன் நான். இதை எப்படி அளப்பது என்று தெரியவில்லை.

அம்மாவிடம் போனில் பட்டும் படாமலும் "கீழே கொஞ்சம் வீக்கம்" என்று மட்டும் சொன்னேன். "உன் பெரிய மாமாவுக்கும் ஓதம் இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணிச் சரியாயிடுச்சு" என்றார். மெடிக்கல் ஷாப்பில் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஆள் வந்துவிட்டதால் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆங்கிலத்தில் தேடினால் ஆண்கள் மாதம் ஒருமுறை தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. நம் ஊரில் யாராவது இப்படிச் செய்கிறார்களா? நான் எந்த டாக்டரிடம் போக வேண்டும்? இன்னொன்று, சிரிக்காதீர்கள். பஸ் ஸ்டாண்ட் சுவரில் "இளமையில் செய்த தவறுகள்" என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அதனால் வந்திருக்குமா?

காற்றாடி88:

ஜட்டி இறுக்கமாகப் போடாதீர்கள், பைக்கைக் குறையுங்கள். சூடுதான் காரணம். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள், தானாகப் போய்விடும்.

பழைய_டிரைவர்_நாமக்கல்:

காற்றாடி நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த "ஒரு மாதம் பாருங்கள்" என்ற வார்த்தையைக் கேட்டு ஏழு மாதம் பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, முதலில் அந்த நோட்டீஸ் சமாச்சாரம். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற ஆட்கள் நம் பையன்களின் பயத்தை வைத்துச் சம்பாதிக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் ஒரு தடவை அப்படி ஒருவரிடம் போய் லேகியத்துக்குக் காசு கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன்.

என் கதை, விதையில் புற்றுநோய் வந்த கதை, 2014-ல் நடந்தது. அப்போது எனக்கு 31 வயது. நாமக்கல்லிலிருந்து நாக்பூர் லைன் ஓட்டிக்கொண்டிருந்தேன், திரும்பும்போது பெரும்பாலும் ஆரஞ்சு லோடு. பிப்ரவரி மாதம், நிர்மல் தாண்டி ஒரு தாபாவில் தொட்டித் தண்ணீரை மொண்டு குளிக்கும்போது இடதுபக்கம் வித்தியாசமாக இருந்தது. உங்களுக்கு மாதிரி தனியாக ஒரு பட்டாணி இல்லை. விதையிலேயே ஒரு பகுதி கல்லாகிவிட்டது போல இருந்தது, கொஞ்சம் கனமாகவும் தெரிந்தது. வலி சுத்தமாக இல்லை. வலி இருந்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். வலிக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

கிளீனர் பையனிடம் சொல்லவில்லை, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மனைவியிடமும் சொல்லவில்லை. ஏப்ரலில் ஊரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே "இன்ஃபெக்‌ஷன்" என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். மே மாதம் மறுபடி போனேன், அதே மாத்திரை பத்து நாளைக்கு. இரண்டு தடவையும் லுங்கியை அவிழ்க்கச் சொல்லவே இல்லை. எனக்கும் அவிழ்க்காமல் தப்பித்ததில் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

ஜூலையில் முதுகுவலி தொடங்கியது. டிரைவருக்கு முதுகுவலி வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? சீட்டுக்குக் குஷன் மாற்றினேன். கட்டு போடுகிற இடத்தில் எண்ணெய் கட்டு போட்டேன். ராத்திரி படுத்தால்தான் வலி அதிகம், ஓட்டும்போது குறைவு. இது தலைகீழாக இருக்கிறதே என்று யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டத்தான் போனேன். அங்கே ஒரு பெரிய டாக்டர் "வேறு எங்காவது வீக்கம் இருக்கா?" என்று கேட்டார். சும்மா கேட்ட மாதிரிதான் கேட்டார், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்கிரீனுக்குப் பின்னால் படுக்கவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, பேனா டார்ச்சை விதைப்பைக்கு ஒரு பக்கமாக வைத்து அடித்தார். ஓதம் என்றால் உள்ளே நீர்தானே, வெளிச்சம் ஊடுருவி மறுபக்கம் செக்கச்செவேல் என்று ஒளிருமாம், விரலுக்குப் பின்னால் டார்ச் வைத்தால் தெரிகிற மாதிரி. எனக்கு ஒளிரவில்லை. இருட்டாகவே இருந்தது. அவர் டார்ச்சைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார்.

உங்கள் அம்மா சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஓதம் நம் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு. ஆனால் அது ஓதம்தான் என்று சொல்ல வேண்டியது டார்ச்சும் ஸ்கேனும். மாமாவுக்கு இருந்ததால் உங்களுக்கும் அதுவேதான் என்று முடிவுகட்ட முடியாது.

ஸ்கேன் என்பது வயிற்றுக்கு எடுப்பார்களே, அதே அல்ட்ராசவுண்ட்தான். ஜெல் தடவுவார்கள், குளிரும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் ரத்தத்தில், இந்த நோய் இருந்தால் ஏறக்கூடிய பொருள்களுக்கு மூன்று சோதனை: ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். அந்த எச்.சி.ஜி. பெண்களுக்குக் கர்ப்பத்தை உறுதி செய்யப் பார்க்கிற அதே ஹார்மோன். லேப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு "சார், இது மேடத்துக்கா உங்களுக்கா?" என்று கேட்டான். அவ்வளவு கலவரத்திலும் சிரித்துவிட்டேன்.

அடுத்த வாரமே ஆபரேஷன். பையில் கத்தி வைக்க மாட்டார்கள். குடலிறக்கத்துக்குக் கீறுவது போலத் தொடை இடுக்குக்கு மேலே கீறி, அந்த வழியாக விதையை முழுசாக எடுத்துவிடுவார்கள். ஏன் இப்படிச் சுற்றிப் போகிறீர்கள் என்று கேட்டேன். விதை தாயின் கருவில் இருக்கும்போது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி அப்புறம்தான் கீழே இறங்கி வருகிறதாம். அதனால் அதன் நிணநீர் ஓட்டம் இன்னும் அந்தப் பழைய ஊருக்கே போகிறது. பையின் தோலுக்கு வேறு ரூட். பையைக் கீறினால் நோய்க்குப் புது ரூட் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும் என்றார். என் முதுகுவலிக்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. சீட்டின் மேல் எந்தத் தப்பும் இல்லை, முதுகுத்தண்டுக்கு முன்னால் இருக்கிற நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருந்தன.

பிப்ரவரியிலேயே போயிருந்தால் ஆபரேஷனோடு முடிந்து, செக்கப் மட்டும் போய்க்கொண்டிருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஏழு மாதத் தாமதத்துக்கு எனக்குக் கிடைத்தது மூன்று சுற்று கீமோ. சுற்றுக்கு 21 நாள், அதில் முதல் ஐந்து நாள் தொடர்ந்து மருந்து ஏறும். பிளியோமைசின், எட்டோபொசைட், சிஸ்பிளாட்டின் என்று மூன்று மருந்து. மூன்றாவது மருந்துதான் வாந்தி ராஜா. அது போட்டதிலிருந்து காதுக்குள் ஒரு சத்தம், ஏர் பிரேக்கில் காற்று கசிகிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று. இன்றைக்கும் ராத்திரியில் கேட்கிறது. இருந்தாலும் அந்த மருந்தைத் திட்ட மனம் வராது. 1974-ல் அமெரிக்காவில் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற டாக்டர் இந்த நோய்க்கு அதைக் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன், என்னைப் போல உடம்பில் பரவியவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. வார்டில் டாக்டர் எனக்குத் தைரியம் சொன்னது இப்படி: "யுவராஜ் சிங்குக்கு வந்ததும் இதே குடும்பம்தான்யா, அவருக்கு நெஞ்சுக்குள்ள. அந்த ஐன்ஹார்ன்கிட்டதான் வைத்தியம் பார்த்தார். திரும்பி வந்து பேட் பிடிக்கலையா?"

கீமோவுக்கு முன்னால் விந்துவைச் சேமித்து வைக்கச் சொன்னார்கள். சேலத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. ஆனால் யாருக்காவது இது வந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள், அவர் மறந்திருந்தாலும் நீங்கள் கேளுங்கள். எங்களுக்கு அதை எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை, 2018-ல் மகள் பிறந்தாள். மீதி இருக்கிற ஒன்றே போதும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. டிரைவர்கள் வண்டியை எடுப்பதற்கு முன் இரும்பு ராடால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மீட்டர் எதுவும் கிடையாது. நல்ல டயர் எப்படிச் சத்தம் கொடுக்கும் என்று காதுக்குத் தெரியும். சத்தம் மாறினால் உடனே குனிந்து பார்ப்போம். இதுவும் அப்படித்தான். வெந்நீரில் குளித்ததும் பை தளர்ந்திருக்கும். ஒவ்வொரு விதையாக, கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயும் வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். நசுக்கக் கூடாது. நல்ல விதை அவித்து உரித்த காடை முட்டை மாதிரி வழவழவென்று, அழுத்தினால் லேசாக விட்டுக்கொடுத்து இருக்கும் (எங்கள் ஊர்க்காரனுக்கு முட்டையைத் தவிர வேறு உவமை வருமா?). அளவு காடை முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கலாம், இடது பக்கம் கொஞ்சம் இறங்கித் தொங்குவதும் சகஜம். பின்பக்கம் மேலிருந்து கீழே மெத்தென்று கயிறு மாதிரி ஒன்று ஓடும். அது எல்லோருக்கும் இருப்பது, எபிடிடைமிஸ் என்று பெயர். பாதிப் பேர் அதைத் தொட்டுவிட்டுத்தான் பயப்படுகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். உங்கள் பட்டாணி அந்த முட்டையின் மேலேயே இருக்கிறதா, இல்லை முட்டையை விட்டுத் தனியாகப் பின்னால் அந்தக் கயிற்றில் இருக்கிறதா? எங்கே இருந்தாலும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு டாக்டர்) கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பொது அறுவை மருத்துவர். தோல் டாக்டர் வேண்டாம். லாட்ஜ் டாக்டர் வேண்டவே வேண்டாம்.

ஓசூர்_மைக்ரான்:

அண்ணா, இரண்டு தடவை படித்தேன். டார்ச் அடித்த இடத்தில் எனக்கே வயிற்றைக் கலக்கிவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரி பார்த்தேன். முட்டையில் இல்லை. பின்னால், மேல்பக்கத்தில் தனியாக நகருகிற மாதிரி இருக்கிறது. நாளை மறுநாள் வீக் ஆஃப், அன்றைக்குப் போகிறேன்.

கத்தி_கற்றவன்:

மதுரையில் அறுவை சிகிச்சை மேற்படிப்பு படிக்கிறேன். டிரைவர் அண்ணன் சொன்னதில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. சிலது மட்டும் சேர்க்கிறேன்.

மாதாமாதம் சோதனை என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2011-ல், எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு இதைப் பொதுப் பரிசோதனையாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொன்னது. நோய் அரிது, தாமதமாகக் கண்டுபிடித்தாலும் பெரும்பாலும் குணமாகிறது, தேவையில்லாத பயமும் ஸ்கேனும்தான் மிச்சம் என்பது அவர்கள் வாதம். இந்தியாவில் இன்னும் அரிது, ஆண்டுக்கு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவு. அதனால் காலண்டரில் தேதி குறித்துச் செய்ய வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆனால் எங்கள் ஓ.பி.யில் நான் பார்க்கும் பிரச்சினை அளவுக்கு மீறிய சோதனை இல்லை. கையில் தட்டுப்பட்டும் மாதக்கணக்கில் வேட்டிக்குள் மறைத்து வைப்பதுதான். தெரிந்த பிறகு உட்கார்ந்திருக்காதீர்கள் என்பதில் எந்தப் பணிக்குழுவுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

திடீரென்று ஒரு பக்கம் உயிர் போகிற வலி, வாந்தி என்றால் அது வேறு கதை. விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. நடு ராத்திரியானாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. விதையில் கட்டி என்றால் "ஊசி போட்டு எடுத்துப் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், அண்ணன் சொன்ன அதே ரூட் பிரச்சினைதான். இறுக்கமான ஜட்டி, பைக் இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. காற்றாடி சார் எண்ணெய்க் குளியலைத் தாராளமாகத் தொடரலாம்.

இரண்டு_பிள்ளை_அம்மா:

ஆண்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் வந்து எழுதுகிறேன், மன்னிக்கவும். என் சின்னவனுக்குப் பிறக்கும்போது ஒரு விதை இறங்கவில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ்தான் கவனித்தார். மாமியார், "ஆம்பளைப் பிள்ளைக்கு அதெல்லாம் வளர வளர இறங்கும்" என்றார். ஆறு மாதம் பார்த்துவிட்டு, பதினோராவது மாதம் ஆபரேஷன் செய்து இறக்கி வைத்தார்கள். இப்போது ஒன்பது வயது, கிரிக்கெட் ஆடிக்கொண்டு திரிகிறான். இந்தப் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் அந்த நோய் வர வாய்ப்பு கூடுதல் என்று எங்கோ படித்தேன். ஆபரேஷன் செய்ததால் அது போய்விட்டதா?

கத்தி_கற்றவன்:

அம்மா, நல்ல நேரத்தில் செய்திருக்கிறீர்கள். வயதுக்கு வருவதற்கு முன்பே இறக்கிவிட்டால் ஆபத்து நன்றாகக் குறைகிறது, ஆனால் அந்த ஆபத்து மற்றவர்கள் அளவுக்கு முழுசாகக் குறைந்துவிடுவதில்லை. இன்னொரு லாபம், விதை இப்போது பையில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. வயிற்றுக்குள்ளேயே இருந்திருந்தால் கட்டி வந்தாலும் தெரிந்திருக்காது. காலண்டர் வேண்டாம் என்று மேலே சொன்னேனே, உங்கள் மகன் மாதிரியானவர்களுக்கும் அப்பா, அண்ணன் தம்பிக்கு இது வந்த குடும்பங்களுக்கும் அது பொருந்தாது. அவன் பதினாலு பதினைந்து வயதாகும்போது இந்த ஆபரேஷன் நடந்ததையும், தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள். பல பேருக்குத் தனக்கு அப்படி ஒரு ஆபரேஷன் நடந்ததே தெரிவதில்லை. இடுப்பில் இருக்கும் தழும்பு ஹெர்னியாவுக்குச் செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு_பிள்ளை_அம்மா:

அவன் அப்பாவைச் சொல்லச் சொன்னால் பேப்பரை விரித்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொள்வார். நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஓசூர்_மைக்ரான்:

போய்விட்டு வந்தேன். டோக்கன் எழுதுகிற பெண் "என்ன பிரச்சினை?" என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் பத்துப் பேர். "யூரின் டாக்டர்" என்று மட்டும் சொன்னேன், அதுவே போதுமாக இருந்தது. டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு பார்த்தார், என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வாரம் தூங்காமல் கிடந்தது இந்த இரண்டு நிமிடத்துக்கா என்று இருந்தது.

ஸ்கேன் ரிப்போர்ட்: வலது எபிடிடைமிஸின் தலைப்பகுதியில் 6 மி.மீ. நீர்க்கட்டி. இரண்டு விதைகளும் இயல்பு. மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. பெரிதானாலோ தொந்தரவு கொடுத்தாலோ வரச் சொன்னார். "தினமும் பிடிச்சுப் பார்க்கறதை நிறுத்துங்க, அதுதான் வலி" என்றும் சொன்னார்.

6 மி.மீ. என்றால் 6,000 மைக்ரான். என் மெஷினில் இவ்வளவு தப்பு வந்தால் வேலை போய்விடும். இங்கே டாலரன்ஸுக்குள் என்கிறார்கள், சரி.

பழைய_டிரைவர்_நாமக்கல்:

அப்பாடா. இரண்டு நாளாக மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்ததும் முதல் வேலையாக இங்கேதான் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, அந்த ரிப்போர்ட்டைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிடாதீர்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ மறுபடி ஒரு ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், அதே 6 தானா, இடம் அதேதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். அப்புறம் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போட்டு ஓதம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மாமாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று இதற்குள் விசாரிக்க ஆரம்பித்திருப்பார்.